தூரத்து நண்பருக்குப் பெரிய வீடியோவை அனுப்பும் வழிகள்

(கிராமப் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் படிப்பகக் குழுவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைபேசியில் படம் பிடிப்பது இன்று நம் கிராமங்களில் எளிய காரியமாகிவிட்டது. விதை நேர்த்தி செய்யும் முறையையும், கோயில் திருவிழாவையும், பள்ளி விழாவையும் நம் இளைஞர்கள் அழகாகப் படம் பிடிக்கிறார்கள். ஆனால் பிடித்த படத்தைப் பழுதில்லாமல் வெளியூரில் இருப்பவரிடம் சேர்ப்பிப்பது பலருக்கு இன்னும் கைவரவில்லை. எங்களுக்கும் கைவராமல்தான் இருந்தது. அதனால் நாங்கள் அடைந்த நஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பிறர் அதே தவற்றைச் செய்யாதிருக்க அது உதவக்கூடும்.

எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் ஆண்டுதோறும் தெருக்கூத்து நடைபெறும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கூத்து வாத்தியார், தள்ளாத வயதிலும் கட்டை கட்டிக் 'கர்ண மோட்சம்' ஆடினார். அதை நாங்கள் முழுதும் படம் பிடித்தோம். அவருடைய மாணவர் ஒருவர் அந்தமானில், அப்போது போர்ட் பிளேர் என்று வழங்கிய ஊரில் வேலை பார்க்கிறார். எங்களுக்கு நெடுநாள் நண்பர். "வாத்தியாருடைய அடவுகளைப் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டும், படத்தை அனுப்புங்கள்" என்று கேட்டார். நாங்கள் படத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, செய்திச் செயலி ஒன்றின் வழியாகச் சாதாரண வீடியோவாக அனுப்பினோம். எல்லாம் போய்ச் சேர்ந்ததாகக் காட்டியது. கைபேசியில் இடம் போதாமையால் அன்றே மூலப் படத்தை அழித்துவிட்டோம்.

மறுநாள் நண்பர் பேசினார். "பாட்டுக் கேட்கிறது, கால் தெரியவில்லை" என்றார். செயலி தன் வசதிக்காகப் படத்தைச் சுருக்கிவிட்டது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. அடுத்த ஆண்டு மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் கூறினோம். அடுத்த விழாவுக்கு வாத்தியார் இல்லை.

அவருடன் நாற்பது ஆண்டுகள் மத்தளம் வாசித்த பெரியவர் இருக்கிறார். அவர் நினைவிலிருந்து ஒவ்வோர் அடவுக்கும் உரிய சொற்கட்டைச் சொல்லி, வாசித்துக் காட்ட, இவ்வாண்டு ஒன்றரை மணி நேரம் படம் பிடித்தோம். கோப்பின் அளவு 8 ஜிகாபைட். இம்முறை அவசரப்படவில்லை, வழிகளை விசாரித்து அறிந்த பின்னரே அனுப்பினோம். அவ்வாறு அறிந்தவற்றையே இப்போது கூறுகிறோம்.

முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும் மடையின் அகலத்துக்கு ஏற்பவே வயலுக்குப் பாயும். கோப்பு ஏரி, இணைய வேகம் மடை. கோப்பின் அளவைப் 'பைட்' கணக்கில் சொல்கிறார்கள். இணைய வேகத்தையோ 'பிட்' கணக்கில் சொல்கிறார்கள். 8 படி ஒரு மரக்கால் என்பது போல, 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 8 ஜிகாபைட் என்பது 64,000 மெகாபிட். விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் 12,800 விநாடிகள், அதாவது மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். விநாடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள கண்ணாடியிழை இணைப்பில் அதே கோப்பு 27 நிமிடத்தில் போய்விடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைய வேகத்தில் இறக்கும் வேகம், ஏற்றும் வேகம் என இரண்டு உண்டு. கைபேசி இணைப்பில் ஏற்றும் வேகம் பெரும்பாலும் குறைவு. படம் பார்க்கையில் தடங்கல் இல்லை என்பதால் அனுப்புவதும் விரைவாக நடக்கும் என எண்ணலாகாது. மேலும், நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் என்று வரையறுத்த கட்டணத் திட்டம் வைத்திருப்பவர், 8 ஜிகாபைட்டை அனுப்ப நான்கு நாள் அளவையும் அதற்கே செலவிட வேண்டும். பெற்றுக்கொள்ளும் நண்பருக்கும் அதே செலவு உண்டு. அவரிடம் கேட்டுக்கொண்டு அனுப்புவதே முறை.

இனி வழிகளைப் பார்ப்போம்.

மின்னஞ்சல் சிறிய கோப்புகளுக்கே ஏற்றது. ஜிமெயிலில் இணைப்பாக அனுப்பக்கூடியது 25 மெகாபைட் அளவே. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் சுருங்கும். 'டாக்குமென்ட்' என்ற பகுதியின் வழியாக அனுப்பினால் உள்ளது உள்ளபடியே போகும். 2022ஆம் ஆண்டு முதல் இவ்வாறு 2 ஜிகாபைட் வரை அனுப்பலாம். டெலிகிராமிலும் கட்டணமின்றி ஒரு கோப்பு 2 ஜிகாபைட் வரை அனுப்ப இயலும். எங்களுடையது போன்ற படத்தை சில பகுதிகளாகப் பிரித்தால்தான் இவ்வழி பயன்படும். இதற்கு ஓர் எளிய உபாயம், படம் பிடிக்கும்போதே ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிறுத்தி மீண்டும் தொடங்குவது. தனித்தனிக் கோப்புகள் கிடைக்கும்; ஒன்று பழுதானாலும் மற்றவை தப்பும்.

இரண்டாவது வழி, இணையச் சேமிப்பிடத்தில் ஏற்றிவிட்டு அதன் இணைப்பை மட்டும் நண்பருக்கு அனுப்புவது. ஊர்ப் பொதுக் களஞ்சியத்தில் மூட்டையை வைத்துவிட்டுச் சாவியைக் கொடுப்பது போன்றது இது. கூகுள் டிரைவில் 15 ஜிகாபைட் வரை கட்டணமில்லை. ஆயினும் அந்த இடத்தில் நம் மின்னஞ்சலுக்கும் புகைப்படங்களுக்கும் பங்கு உண்டு. மீதி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நண்பர் தமக்குச் சௌகரியமான நேரத்தில் இறக்கிக்கொள்ளலாம். சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். இணைப்பை வைத்திருப்பவர் எவரும் பார்க்கலாம் என்று திறந்துவிடாமல், நண்பரின் மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் அனுமதி தருவது நலம். பெண்களும் குழந்தைகளும் உள்ள படமாயின் அவர்கள் வீட்டாரின் சம்மதமும் அவசியம். அனுப்புவதற்கென்றே உள்ள வேறு சில இணையத் தளங்கள் சில நாட்களில் கோப்பை அழித்துவிடும். அவற்றைப் பயன்படுத்துவோர் கடைசித் தேதியை நண்பருக்கு முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவது, படத்தைச் சுருக்குவது. 'ஜிப்' செய்தால் சிறிதாகும் என்று பலர் நம்புகிறார்கள். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்ட பொருள். பிழிந்த கரும்பை மீண்டும் பிழிவதால் அதிகம் கிடைப்பதில்லை. ஆனால் பழைய எச்.264 முறையில் உள்ள படத்தை, 2013இல் வந்த எச்.265 முறைக்கு மாற்றினால், பார்வைக்கு அதிக வித்தியாசமின்றி ஏறத்தாழப் பாதி அளவாகக் குறைக்கலாம். இதற்கு 'ஹேண்ட்பிரேக்' போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. எனினும் இத்தகைய சுருக்கலில் சிறிதேனும் இழப்பு உண்டு. சுருக்கியது அனுப்புவதற்கு, மூலம் நம்மிடம் இருப்பதற்கு.

நான்காவது வழி அஞ்சல். சிரிக்க வேண்டாம். 2009ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஒரு போட்டி நடத்தினார்கள். வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜிகாபைட் நினைவட்டையைக் கட்டி, ஹோவிக் என்னும் ஊரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டர்பனுக்குப் பறக்கவிட்டார்கள். புறா 1 மணி 8 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அட்டையிலிருந்து தகவலைக் கணினிக்கு மாற்றிய நேரத்தையும் சேர்த்து இரண்டு மணிக்குச் சற்று மேல் ஆயிற்று. அதற்குள் இணையத்தின் வழியாகப் போயிருந்தது நூற்றுக்கு நான்கு பங்குதான். இணைப்பு நலிந்த ஊரில், பல நூறு ஜிகாபைட் கொண்ட படங்களைப் பென் டிரைவிலோ நினைவட்டையிலோ பதிந்து விரைவு அஞ்சலில் அனுப்புவதே இன்றும் சிக்கனம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: 'ஃபாட்32' முறையில் அமைந்த பென் டிரைவில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பு ஏறாது. 'எக்ஸ்ஃபாட்' முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வாறு மாற்றும்போது அதில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

எங்கள் நண்பருக்கு நாங்கள் எந்த வழியில் அனுப்பினோம் என்று கேட்பீர்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் அத்தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. ஆகவே நண்பர் பக்கத்து மடை இப்போது அகலமாகிவிட்டது. குறுகலாக இருந்தது எங்கள் பக்கத்து மடைதான். பக்கத்து ஊரில் கண்ணாடியிழை இணைப்பு உள்ள அன்பர் ஒருவர் வீட்டுக்கு நினைவட்டையை எடுத்துச் சென்றோம். இரவில் ஏற்றத் தொடங்கி, அது முடியும் வரை கணினி உறங்கிவிடாமல் பார்த்துக்கொண்டோம். நண்பருக்கு இணைப்பை அனுப்பினோம்.

அதன் பின்னரும் அழிக்கவில்லை. நண்பரிடம் வந்த கோப்பின் அளவும் எங்களிடமுள்ள கோப்பின் அளவும் பைட் வரையில் ஒத்திருக்கிறதா என்று கேட்டறிந்தோம். தொடக்கத்தில் சிறிது, நடுவில் சிறிது, முடிவில் சிறிது ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். "பெரியவருடைய விரல்கள் ஒவ்வொன்றும் தெரிகின்றன" என்றார். அதைக் கேட்டபோது எங்களுக்கு மகிழ்ச்சியோடு, முன்பு இழந்ததன் வருத்தமும் உண்டாயிற்று.

நண்பர்களே! அனுப்பும் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அளவு வரம்புகளும் மாறும். மாறாத விதி ஒன்றுண்டு. பெற்றவர் பார்த்து, சரியென்று சொல்லும் வரை மூலத்தை அழிக்காதீர்கள். ஊருக்கு அருமையான படமாயின் அதன் பிறகும் அழிக்காதீர்கள். இரண்டு பிரதிகள் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். எங்கள் படிப்பக அலமாரியில் மத்தளப் பெரியவரின் படம் ஒரு பிரதி இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் மற்றொன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் அத்தகைய படம் இருக்குமானால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பென் டிரைவுடன் வாருங்கள். பிரதி எடுக்க நாங்கள் உதவுகிறோம்.