ரேந்தைக்கு ஒரு நிலையான இல்லம்



பொருளைத் திரட்டுபவரின் ஆயுள் சிறிது. திரட்டிய பொருளின் ஆயுள் நீண்டது. வாழ்நாள் முழுவதும் கைப்பணிப் பொருட்களையும் நூல்களையும் தேடிச் சேர்த்த ஒருவர் முதுமை எய்தும்போது, ‘எனக்குப் பின் இவற்றின் கதி யாது?’ என்னும் வினா அவர் உள்ளத்தே எழுதல் இயல்பு. ரேந்தைத் தொகுப்பையும் அதனோடு சேர்ந்த கைப்பணி நூல்நிலையத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வினாவை இன்று ஆராய்வோம்.

ரேந்தை நமக்குப் புதியதன்று. அச்சொல்லே ‘ரெந்தா’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. காலி, வெலிகமை முதலிய தென்கரை ஊர்களிலே பெண்கள் பின்னும் ரேந்தையைச் சிங்களத்தில் ‘பீரலு’ என்பர். நூல் சுற்றும் சிறு மரக்கட்டையைக் குறிக்கும் ‘பில்ரோ’ என்ற போர்த்துக்கேயச் சொல்லே அதன் மூலம். உருளைத் திண்டின்மேல் கோலம் குறித்த தாளைச் சுற்றி, புள்ளிதோறும் குண்டூசி குத்தி, கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவர். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த பெண்மணிகள் நாகர்கோவிலிலும் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தனர். பின்னிய பெண்களின் பெயர்களோ பெரும்பாலும் ஏடுகளில் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற வேலையே அவர்களுக்குச் சாட்சியாகும்.

இத்தகைய தொகுப்பிலே ரேந்தையையும் நூலையும் பிரிக்கலாகாது. ரேந்தைத் துண்டு கலையின் விளைவைக் காட்டும். துளையிட்ட கோலத்தாளும் மாதிரி நூலும் அது விளைந்த வழியைக் காட்டும். 1561 ஆம் ஆண்டில் சூரிச்சு நகரிலும், 1587 இல் வின்சியோலோ என்பவரால் பாரிசு நகரிலும் வெளியிடப்பட்ட மாதிரி நூல்களைக் கொண்டு அக்காலக் கோலங்களை நாம் இன்றும் அறியக்கூடியதாயிருக்கின்றது. ஆனால் நடப்பது என்ன? உரிமைக்காரர் பலராயின் ரேந்தை ஒருவர் பங்கிற்கும், நூல்கள் பழைய கடதாசி வியாபாரிக்கும் போய்விடுகின்றன.

இழப்பு வேறு வழிகளாலும் வரும். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் தென்கரைப் பின்னற்காரர் பலர் வீட்டையும் திண்டையும் கோலத்தாள்களையும் ஒருங்கே இழந்தனர். பொதுநிலையங்களுக்கும் காவல் வேண்டும். 1933 இல் செல்லப்பா அவர்களின் இல்லத்திலே சிறு வாசிகசாலையாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. கட்டடத்தை மீண்டும் எழுப்பினர். வேறு பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகளை எவ்வாறு மீட்பது?

நன்முறையில் இடம் தேடியதற்கு ஓர் உதாரணம் சுவிற்சர்லாந்திலுள்ள சென் காலன் நகரமாகும். பூவேலைத் தொழிலால் செழித்த அந்நகரத்து வணிகர் 1878 இல் ஒரு கைத்தொழில் நூதனசாலையை நிறுவினர். 1886 இல் அதற்குத் தனிக் கட்டடமும் எழுந்தது. நூதனசாலையோடு நூல்நிலையமும் அமைந்தது. லியோபோல்டு இக்லே என்னும் தொழிலதிபர் தாம் சேர்த்த பழந்துணிகளிலும் ரேந்தைகளிலும் பெரும்பகுதியை 1904 இல், தாம் உயிரோடிருக்கும்போதே, அதற்கு வழங்கினார். அவர் 1922 இல் மறைந்தார். கொடுக்காது வைத்திருந்த எஞ்சிய பகுதி 1923 இல் சூரிச்சில் ஏலத்தில் விற்கப்பட்டுப் பல கைகளுக்குச் சென்றது. கொடுத்த பகுதியோ, முதலாம் உலகப்போரின் பின் அந்நகரத் தொழில் நலிந்தபோதும், சிதையாது நின்றது. ஒரே மனிதரின் சேகரிப்பு இருவகை முடிவு கண்டமை சிந்தித்தற்குரியது.

ஆகவே, தொகுப்புடையோர் செய்யவேண்டியன சில. முதலாவது, ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, அது எங்கே, எப்போது, யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதை எழுதிவைத்தல். பிறப்பிடம் தெரியாத ரேந்தை பாதி ஊமை. இரண்டாவது, வாய்ச்சொல்லை நம்பாது, நொத்தாரிசு முன்னிலையில் நன்கொடை உறுதி எழுதுதல். தொகுப்பைப் பிரிப்பதோ விற்பதோ பற்றிய நிபந்தனையை அதிலேயே தெளிவாகக் கூறவேண்டும். மூன்றாவது, பெறுகின்ற நிலையத்தின் ஆற்றலை ஆராய்தல். ரேந்தையை மடிக்காது, அமிலமற்ற தாளிட்டு உருளையில் சுற்றிவைக்க வேண்டும். துருவேறும் ஊசிகளை அகற்றவேண்டும். கடுவெளிச்சமும் ஈரமும் பூச்சியும் அணுகாத அறை வேண்டும். இவற்றிற்குப் பணமும் பயின்ற ஆட்களும் இல்லாத நிலையம், எத்துணை அன்போடு ஏற்பினும், காக்கமாட்டாது.

காப்பது மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது. பூட்டிய பெட்டியிலே கிடக்கும் கோலம் எந்த விரலுக்கும் பயிற்சி தராது. அதேவேளையில், மூலத்தைப் பலர் கையாண்டால் அது சில ஆண்டுகளில் நைந்துவிடும். மூலத்தை நூதனசாலையிலே வைத்து, கோலத்தாள்களின் படப்பிரதிகளைப் பின்னற் பயிற்சி நடைபெறும் ஊர்களுக்கு வழங்குவதே பொருத்தமான வழி. அவ்வாறு செய்தால் வெலிகமையில் திண்டின் முன் அமரும் இளம்பெண்ணும் தன் பாட்டி காலத்துக் கோலத்தைத் தன் கையாலே மீண்டும் பின்னலாம்.

உங்கள் இல்லங்களிலும் பழைய பெட்டிகள் இருக்கும். அவற்றிலே ரேந்தையோ, கைப்பணி நூலோ, ஏட்டுச்சுவடியோ கிடக்கலாம். அதன் வரலாறு அறிந்த முதியவர் இன்னும் உங்களோடு இருந்தால், அவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். அதற்குரிய இடத்தையும் அவருடைய காலத்திலேயே தேடுங்கள்.