தறியும் மின்விளக்கும்

(நம் சங்கத்தின் காஞ்சிபுரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் இவ்வவையின்கண் இலக்கியம் பேசுவேனென்று எதிர்நோக்கி வந்தோர் சிலர் இருக்கலாம். மின்சாரக் கணக்கைப் பற்றி யான் பேசப் புகுவது அவர்கட்குப் புதுமையாகத் தோன்றும். ஆயினும், தொழிலுக்கும் வயிற்றுக்கும் உரிய செய்தியை இன்று பேசுதலே தக்கதென்று கருதினேன். கைத்தறி இல்லங்கட்கு அரசினர் அளிக்கும் மின்கட்டணச் சலுகை யாது? அஃது உரியார் பலருக்குச் சென்று சேராமைக்குக் காரணம் யாது? அக்குறையை நீக்குதற்கு நாம் செய்யத்தக்கது யாது? இம்மூன்றனையும் சுருங்கக் கூறுவன்.

தறிக்கு ஒளி வேண்டும்

காஞ்சிப் பட்டின் நுண்மையை உங்களுக்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அறுந்த இழையைக் கண்டு பிணைக்கவும், உடலையும் கரையையும் கோர்வையால் இணைக்கவும், ஜரிகைப் புட்டா பிசகாமல் எடுக்கவும் கண்ணொளி வேண்டும். கண்ணொளிக்கு விளக்கொளி வேண்டும். பிள்ளையார்பாளையம் முதலிய இடங்களில் நீண்டு ஒடுங்கிய வீடுகளின் நடுக்கூடத்தே கிடக்கும் குழித்தறிக்குப் பகற்பொழுதிலும் விளக்கு வேண்டியிருத்தலை அறிவீர்கள். கோடையில் விசிறியின்றிக் குழியில் அமர்ந்து நெய்தல் இயலாது. வியர்வைத் துளி பட்டின்மேல் விழுந்தால் கறையாம். ஆகவே, ஏனையோர்க்கு இரவில் மட்டும் வேண்டப்படும் விளக்கும், ஓய்வுக்கென வேண்டப்படும் விசிறியும் நெசவாளனுக்கு நாள் முழுதும் வேண்டப்படுந் தொழிற்கருவிகளாகின்றன.

சலுகையின் வரலாறு

இவ்வுண்மையை உணர்ந்தே தமிழக அரசினர் 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரத்தைக் கட்டணமின்றி அளித்தனர். 2016ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் பிறந்த ஆணையால் எல்லா வீடுகட்கும் இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி ஆயிற்று. கைத்தறி நெசவாளர்க்கு உரிய அளவு 200 யூனிட்டாக உயர்ந்தது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அது 300 யூனிட்டாயிற்று. விசைத்தறியாளர்க்கு உரியது 1,000 யூனிட்டாயிற்று.

இங்கே ஒன்றனை நோக்குங்கள். நெசவாளர் தம் இல்லத்திலே போட்டிருக்கும் கைத்தறிக்கு, வெளியாள் வைத்து நெய்தாலும், வீட்டுக் கட்டண வகையே உரியது. விளக்கும் விசிறியும் மட்டும் இயங்கும் தறிக்கொட்டகைக்கும் அவ்வகையே உரியது. தறி இருக்கின்றது என்பதற்காக வணிகக் கட்டணம் விதிக்கப்படுமாயின், அது முறையன்றென்று எடுத்துக்காட்ட நமக்கு இடமுண்டு.

கணக்கு

யூனிட் என்பது யாது? ஆயிரம் வாட் ஆற்றல் ஒரு மணி நேரம் செலவாவதே ஒரு யூனிட். 75 வாட் விசிறி ஒன்று நாளொன்றுக்கு 16 மணி நேரம் சுழலுமாயின் இரு மாதத்தில் 72 யூனிட் ஆகும். இரண்டு விசிறிகட்கு 144. இருபது வாட் விளக்கு மூன்று நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் 36. குளிர்ப்பெட்டி ஒன்றிற்கு நாளுக்கு ஒரு யூனிட்டாக 60 என்று வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் 240.

நெசவாளர்க்குரிய சலுகை பெற்ற இல்லம் இதற்கு ஒரு காசும் செலுத்த வேண்டுவதில்லை. அச்சலுகையைப் பெறாத வீடு 100 போக 140 யூனிட்டுக்குக் கட்டணம் செலுத்தும். வாடகை வீட்டில் உரிமையாளர் மீட்டரின்கீழ் வாழும் நெசவாளனோ, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் கேட்கப்படுவானாயின், இரு மாதத்திற்கு 1,920 ரூபாயும், ஆண்டிற்கு 11,520 ரூபாயும் கொடுப்பான். கூலிக்கு நெய்யும் குடும்பத்திற்கு இத்தொகை பிள்ளையின் படிப்புச் செலவன்றோ!

சலுகை சேராத காரணம்

ஈதே யான் இன்று வற்புறுத்த வந்த செய்தி. சலுகை வறுமையைத் தேடிச் செல்வதன்று; மின்னிணைப்பைத் தேடிச் செல்வது. எவர் பெயரில் இணைப்பு உளதோ அவ்விணைப்பின் கணக்கிலேயே கழிவு நிகழ்கின்றது. சொந்த வீடும் சொந்த மீட்டரும் உடையவன் எளிதிற் பெறுகின்றான். வீடும் இன்றி, மீட்டரும் இன்றி, பிறர் தறியில் கூலிக்கு நெய்வோனே மிக வறியன். அவனே வெறுங்கையோடு நிற்கின்றான். எவர்பொருட்டு ஏற்பட்டதோ அவரையே கடந்து செல்லும் உதவி பாதி உதவியேயாம்.

சட்டம் கூறுவது

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 43ஆம் பிரிவில், ஓரிடத்தின் உரிமையாளரேனும் அவ்விடத்தே குடியிருப்போரேனும் விண்ணப்பித்தால் மின்சாரம் வழங்குதல் கடமையென்று விதிக்கின்றது. எனவே, குடியிருப்போன் கேட்பது இரவலன்று, உரிமை. தமிழ்நாட்டு மின் பகிர்மான விதித்தொகுப்பின்படி உரிமையாளரின் இசைவுக் கடிதம் வேண்டும். அவர் இசையாராயினும் வழியுண்டு: முறைப்படி குடியிருத்தற்குச் சான்று காட்டி, இழப்பீட்டுறுதிப் பத்திரம் எழுதிக்கொடுத்து, வைப்புத்தொகையை இருமடங்காகச் செலுத்திப் பெறலாம். தனிக் குடித்தனமென்று விளங்கும் பகுதிக்கே தனி இணைப்புக் கிடைக்குமென்பதையும் மறத்தலாகாது.

இணைப்புப் பெற்ற பின்னர், வீட்டில் தறி இயங்குவதைக் காட்டும் சான்றுகளுடன் கைத்தறித் துறை அலுவலகத்தையும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தையும் அணுகுக. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் தம் உறுப்பினர் அட்டையையும், பிறர் நெசவாளர் அடையாள அட்டையையும் உடன்கொள்க. தந்தையார் காலமான பின்னும் அவர் பெயரிலேயே இணைப்பை விட்டிருப்போர் பெயர் மாற்றத்தை முதலிற் செய்துகொள்க. குறை நேரின் மின்னகம் 94987 94987 என்னும் எண்ணிற் கூறலாம். அங்கும் தீராதாயின் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதன்மேல் மின்குறைதீர்ப்பாளரும் உளர். வாய்ச்சொல்லை நம்பாது, எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை பெறுக.

வீட்டுடையார்க்கு ஒரு சொல்

நம்முள் வீடு வாடகைக்கு விட்டிருப்போரும் பலர் உளர், இவ்வவையிலும் இருக்கின்றனர். அவர்களை வணங்கிக் கேட்கின்றேன்: குடியிருக்கும் நெசவாளன் தனி மீட்டர் கேட்டால் இசைவுக் கடிதம் கொடுங்கள். வீட்டுரிமை போய்விடுமென்று அஞ்ச வேண்டா. மின்னிணைப்பு வீட்டுரிமைக்குப் பத்திரமாகாது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் மின்னிணைப்போடு ஆதார் எண்ணை இணைக்கச் சொன்னபோதும் இத்தகைய அச்சம் பரவியது. அவ்விணைப்பினாலும் வீட்டுரிமை கைமாறுவதில்லை.

உங்கள் நன்மையையும் எண்ணுங்கள். மூன்று குடும்பங்கள் ஒவ்வொன்றும் 180 யூனிட் செலவிடுமாயின், ஒரே மீட்டரில் 540 ஆகும். அப்பொழுது ஒரு முறையே 100 கழியும். உயர்ந்த படிக்கட்டணமும் வந்து சேரும். 2022ஆம் ஆண்டு செப்டம்பர்க் கட்டண ஆணைக்குப் பின், 500ஐக் கடந்த கணக்கிற்கு 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளின் சலுகையும் அற்றுப்போகின்றது. தனித்தனி மீட்டராயின் மூன்று முறை 100 கழியும். இதில் ஒருவர்க்கும் இழப்பில்லை. ஆனால், வாரியத்துக்குச் செலுத்துவதினும் மிகுதியாகக் குடியிருப்போனிடம் வாங்கி ஊதியங் காண்பது அறமாகாது.

இலவசம் இழுக்கா?

“உழைத்துண்ணும் நாம் இலவசத்தைக் கைநீட்டி வாங்கலாமா?” என்று சில முதியோர் வினவுகின்றனர். அவர்தம் மானவுணர்ச்சி போற்றத்தக்கதே. ஆயினும், இச்சலுகை விலையில்லாப் பொருளன்று. அரசு சலுகை அறிவிக்குமாயின் அத்தொகையை மின்வழங்குவோர்க்கு அரசே முன்னதாகச் செலுத்துதல் வேண்டுமென்று அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு கூறும். அஃது எல்லோரும் செலுத்தும் வரிப்பணம். தில்லியில் 2019இலும் கருநாடகத்தில் 2023இலும் இத்தகைய சலுகைகள் தோன்றின. கைத்தறிக்கென்றே சில துணிவகைகளை ஒதுக்கி 1985இல் சட்டம் செய்த நாடு, அத்தறிக்கு விளக்கேற்ற உதவுவதில் வியப்பென்னை?

பொதுப்பணம் ஆதலின் அதனைக் காத்தலும் நம் கடமை. தறியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தறியின் பெயரால் சலுகை கொள்வதும், அம்மின்சாரத்தைக் கடைக்கு இழுப்பதும் களவேயாம். அத்தகையோர் ஒருவரால் மெய்யான நெசவாளர் நூற்றுவர் ஐயத்திற்கு ஆளாவர்.

நாம் செய்யத்தக்கது

இளைஞர்காள்! தெருவுக்கு இருவராக முன்வருமின். எவ்வில்லத்தில் தறி உளது, இணைப்பு எவர் பெயரில் உளது, சலுகை கிடைக்கின்றதா என்று மூன்றே வினா கேட்டுக் குறித்து வாருங்கள். படிவம் நிரப்ப அறியாதார்க்கு நிரப்பிக் கொடுங்கள். இணையவழி விண்ணப்பம் உங்கட்கு விளையாட்டு. குழியிலிருந்து எழ நேரமில்லாத முதியவர்க்கு அது மலை. அன்னைமார்களே! மின்கணக்கு அட்டையை நெற்பெட்டிச் சாவிபோற் பேணுங்கள். இருமாதந்தோறும் எண்ணைச் சரிபாருங்கள்.

ஊரெல்லாம் உடுத்தி மகிழும் பட்டை நெய்யும் இல்லத்தில் இருள் இருத்தல் ஆகாது. நம்முள் வலியோர் மெலியோர்க்கு ஓர் இசைவுக் கடிதம் எழுதிக் கொடுத்தால், அவ்விருளிற் பெரும்பகுதி நீங்கிவிடும்.