மருந்துக்குத் துணையாகச் சித்திரம்

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் வழக்கமாகப் பேசுவது பென்ஷன் திருத்தம், சி.ஜி.எச்.எஸ். கார்டு, ஆயுள் சான்றிதழ் பற்றித்தான். இன்று வேறொரு விஷயம் பேச வேண்டும் என்று செயலாளரிடம் அனுமதி கேட்டேன். மதுப் பழக்கத்திலிருந்தும் மனநோயிலிருந்தும் மீள்பவர்களுக்குச் சித்திரம் வரைவது எப்படித் துணை செய்கிறது என்பதே விஷயம். "இது நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். நானும் பல வருஷம் அப்படி நினைத்தவன்தான்.

நான் பி.எஸ்ஸி. ரசாயனம் படித்துவிட்டு மத்திய அரசின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். டானிக்கோ வாசனைத் திரவியமோ, எந்தப் புட்டி வந்தாலும் அதில் ஆல்கஹால் எத்தனை சதவிகிதம் என்று தசம ஸ்தானம் வரை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அப்படிப்பட்ட நான், என் சொந்தத் தம்பியின் மூச்சில் வந்த வாசனையைப் பல வருஷம் கண்டுகொள்ளாமல் இருந்தேன். 1991இல், நாற்பது வயதில், ஈரல் கெட்டு அவன் போய்விட்டான். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் "மஞ்சள் காமாலை முற்றிவிட்டது" என்று சொன்னேன். காமாலை இருந்தது உண்மை. காரணத்தை மட்டும் விழுங்கிவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி என் தங்கை போன் செய்தாள். "அண்ணா, பிள்ளையும் அதே மாதிரி ஆயிட்டான்" என்றாள். என் மருமான் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்ப்பவன். குடியோடு மனச்சோர்வும் சேர்ந்திருந்தது. அவன் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

அவனை ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். முதல் பத்து நாள் முழுக்க வைத்தியம்தான். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, ஒருவரை அறையில் பூட்டி வைத்து நிறுத்திவிடலாம் என்று யாரும் முயலக் கூடாது. டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

அதன் பிறகு ஒரு நாள், "மாமா, இன்னிக்கு எனக்கு கலர் பென்சில் குடுத்தா" என்று போனில் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பணம் கட்டியது எல்.கே.ஜி. பாடத்துக்கா என்று நினைத்தேன். பிறகு, படித்தவன் என்ற முறையில், விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

'ஆர்ட் தெரபி' என்ற பெயரை 1942இல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். காசநோய்க்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது படுக்கையிலேயே படம் வரைந்து தன் மனத்தைத் தேற்றிக்கொண்டவர் அவர். பிறகு மற்ற நோயாளிகளையும் வரையச் சொன்னார். ஏறக்குறைய அதே காலத்தில் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவில் நீஸே ட சில்வெய்ரா என்ற பெண் டாக்டர் மனநல ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தார். நோயாளிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுக்க மாட்டேன் என்று மறுத்தவர். 1946இல் அங்கே அவர் வர்ணம் தீட்டும் கூடம் ஒன்றைத் தொடங்கினார். வாய் திறந்து கோர்வையாகப் பேசாத நோயாளிகள் அங்கே வரைந்த படங்களுக்கென்றே 1952இல் ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்.

இது எப்படி வேலை செய்கிறது? குடிக்கு அடிமையானவர் வாதத்தில் வல்லவர். "நான் நினைத்தால் நாளைக்கே நிறுத்துவேன்" என்று ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய நாக்கு அது. ஆனால் கை அப்படிப் பொய் சொல்லிப் பழகவில்லை. வெட்கத்தால் வாய்விட்டுச் சொல்ல முடியாததும் காகிதத்தில் வந்துவிடுகிறது. நம் அகத்து ஸ்திரீகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாசலில் கோலம் இல்லையென்றால் "என்ன ஆச்சு?" என்று தெருவே கேட்கும். யாரும் ஒன்றும் சொல்லாமலே அந்த வெறும் வாசல் சொல்லிவிடுகிறது.

இன்னொரு பிரயோஜனமும் உண்டு. குடிக்க வேண்டும் என்ற வேகம் அலை மாதிரி எழும்பும். பெரும்பாலும் அரைமணிக்குள் தணிந்துவிடும். அந்த அரைமணி கைக்கு ஒரு வேலை இருப்பது பெரிய விஷயம்.

இதற்குச் சித்திரம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படம் அழகாக இருக்கிறதா என்று யாரும் மார்க் போடுவதில்லை. கறுப்பு என்றால் துக்கம், சிவப்பு என்றால் கோபம் என்ற அகராதியும் கிடையாது. பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் தானாக அர்த்தம் சொல்ல மாட்டார், "இது என்ன?" என்று வரைந்தவரைத்தான் கேட்பார்.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் இரண்டு பக்கமும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், 39 பேர் 45 நிமிஷம் வர்ணம், களிமண், காகிதம் கொண்டு இஷ்டம் போல் ஏதாவது செய்தார்கள். உமிழ்நீரைச் சோதித்ததில், அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் 'கார்ட்டிஸால்' என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள், எண்ணிக்கையும் சிறியது. மறுபக்கம், மனச்சிதைவு உள்ள 417 பேரை வைத்து பிரிட்டனில் நடத்திய பெரிய பரிசோதனை 2012இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு குழுவாக ஆர்ட் தெரபியும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை. அந்த வகுப்புகளுக்குப் பலர் ஒழுங்காக வரவில்லை என்பதும் உண்மை. ஆகவே, சித்திரம் மருந்தை நிறுத்துவதற்கான காரணம் ஆகாது. டாக்டர், மாத்திரை, ஆலோசனை ஆகியவற்றுக்குத் துணை என்ற அளவில் அதற்கு ஒரு நல்ல இடம் உண்டு.

மறுவாழ்வு மையத்தில் குடும்பத்தாரை அழைத்த நாளில் நானும் போனேன். மருமான் ஒரு பாலம் வரைந்திருந்தான். இந்தக் கரையில் ஒரு ஃபிரிட்ஜ், அந்தக் கரையில் அவன் பெண்ணின் ஸ்கூல் பஸ். நடுவில் மூன்று பலகைகள் இல்லை. "இதை யார் போடுவா?" என்று தெரபிஸ்ட் கேட்டாள். "ஒண்ணு நான்" என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தான்.

பிறகு அந்தப் பெண் என்னிடமும் ஒரு காகிதத்தை நீட்டி, "மாமா, உங்க பழைய அகத்தை வரையுங்கோ" என்றாள். ஆபீஸ் பழக்கத்தில் ஸ்கேல் கேட்டேன், தரவில்லை. சுவர், கூரை, கதவு, கதவில் பெரிய பூட்டு என்று வரைந்தேன். மருமான் எட்டிப் பார்த்து, "மாமா, இதுல ஜன்னலே இல்லையே" என்றான். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. தம்பி எதனால் போனான் என்பதை, முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, என் தங்கைக்கு எதிரில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும் அண்ணா, நீ சொல்லுவேன்னுதான் காத்திண்டிருந்தேன்" என்றாள்.

மருமான் வீடு திரும்பி ஏழாவது மாசம் ஒரு தடவை மறுபடி குடித்தான். ஆனால் மறைக்கவில்லை, மறுநாளே போய் டாக்டரைப் பார்த்தான். அதற்குப் பிறகு இன்று வரை தொடவில்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் இப்போதும் வரைகிறான்.

இந்தக் கஷ்டம் ஏதோ சிலருக்கு என்று நினைக்காதீர்கள். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி நம் தேசத்தில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அதற்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. மற்றவர்கள் கதி என்ன? பல வீடுகளில் என் வீட்டு மஞ்சள் காமாலை கதைதான் நடந்துகொண்டிருக்கும்.

இப்படி மறைக்காதவர்களும் உண்டு. சென்னை சாந்தி ரங்கநாதன் அவர்கள் தம் கணவரைக் குடிப்பழக்கத்திற்குப் பறிகொடுத்தவர். 1980இல் அவர் தொடங்கிய சிகிச்சை நிலையத்திற்கு அந்தக் கணவரின் பெயரையே வைத்தார். அந்தப் பெயர்ப் பலகையை நினைக்கும்போதெல்லாம் நான் தலைகுனிகிறேன்.

இன்று சட்டமும் துணை நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற 'டெலி மானஸ்' எண் 2022 முதல் இயங்குகிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446 இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

முடிக்கும் முன் ஒரு விண்ணப்பம். நம் சங்கத்து லைப்ரரி அறை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலியாகத்தான் இருக்கிறது. நாலு மேஜை, காகிதம், வர்ணம் என் செலவு. யார் வேண்டுமானாலும் வந்து வரையலாம். அது சிகிச்சை ஆகாது. சிகிச்சைக்குத் தேர்ந்தவர்கள் வேண்டும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வரையும்போது, மனசில் இருப்பதை ஒருவர் சொல்லத் தொடங்கலாம். உங்கள் அகத்தில் யாருக்காவது இந்தக் கஷ்டம் இருந்தால், என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். எந்த டாக்டரிடமும் கூட வருகிறேன். வெளியே ஒரு வார்த்தை போகாது.