மேடை கேட்கும் ஒழுங்கு



வங்கியில் எழுத்தராக இருந்துவிட்டு, நாடக மேடையில் ஆர்மோனியம் வாசிக்கவும் பாடவும் போனவன் நான். அதனாலேயே இளைஞர்கள் என்னைப் பார்த்தால் ஒரு கேள்வி கேட்பார்கள்: "நல்ல வேலையை விட்டுட்டுக் கலைக்கு வரலாமா ஐயா?" இன்று பட்டம் வாங்கும் பட்டதாரிகளே, உங்களில் சிலர் மனத்திலும் அந்தக் கேள்வி இருக்கும். அதற்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். உப்பளத்தில் கணக்கராக இருந்தவர், 24ஆவது வயதில் அந்த வேலையை விட்டு நாடகத்துக்குப் போனார். எமன், சனீசுவரன், இரணியன் என்று நடுங்கவைக்கும் வேடங்களைக் கட்டினார். பிறகு நாடக ஆசிரியரானார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' என்று அவர் எழுதிக்கொடுத்தவை தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கின்றன.

வேலையை விட்ட அவருடைய துணிச்சலைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். எனக்கோ அவர் மேடைக்குக் கொண்டுவந்த ஒழுங்குதான் பெரிதாகப் படுகிறது. பாடத்தை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசும் நடிகர்கள் மலிந்திருந்த காலம் அது. அவர் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, சிறுவர்களுக்கு அட்சர சுத்தமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் வியந்து பதிவுசெய்திருக்கிறார். அது ஒரே இரவில் வந்த திறமை அன்று. பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இளமையிலேயே தமிழ் இலக்கணம் பயின்றவர் அவர். யாப்பும் சந்தமும் கைக்குள் வந்த பிறகே மேடைக்குப் போனார்.

அந்த ஒழுங்கின் பலனை, கலைஞர்களைத் தனித்தனியே அழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு இரவும் கண்ணால் பார்க்கிறேன். நாயகனாகிய ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், நாயகியாகிய ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, கோமாளியாகிய பபூன் வேறொரு ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. பல சமயம் ஒருவரையொருவர் பார்ப்பதே அன்றைக்குத்தான். இரவு பத்து மணிக்கு மேல் திரை தூக்கினால் விடியும்வரை நாடகம். ராஜபார்ட் ஐந்தரைக் கட்டையில் எடுப்பார். அடுத்து வருகிறவருக்கு அந்தச் சுருதி எட்டாது. அவர் வாய் திறப்பதற்குள் என் விரல்கள் வேறு கட்டைக்குப் போயிருக்க வேண்டும். 'வள்ளி திருமண'த்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் மூண்டால், எந்தச் சொல்லில் வசனம் முடிந்து பாட்டு தொடங்கும் என்று மிருதங்கக்காரரும் நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருவர் பாடம் மறந்தால் மற்றவர் மானமும் போய்விடும். முன்பின் அறியாதவர்கள் சேர்ந்து ஒரு முழு இரவை நடத்த முடிகிறதென்றால், ஒவ்வொருவரும் தனித்தனியே உழைத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

ஆகவே, அலுவலகக் கட்டுப்பாடு பிடிக்காமல் கலைக்கு வர நினைத்தால், வராதீர்கள். அதைவிடக் கடுமையான கட்டுப்பாடு இங்கே காத்திருக்கிறது. வங்கியில் மேலாளர் இருந்தார், வருகைப் பதிவேடு இருந்தது. விடிகாலையில் எழுந்து சாதகம் செய்தாயா என்று கேட்க இங்கே யாரும் இல்லை. நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேலையில் இருக்கும்போதே பழகுங்கள். களைத்து வீடு திரும்பிய பிறகும் வாத்தியத்தைத் தொடாமல் தூக்கம் வரவில்லை என்றால், அந்தக் கலை உங்களைப் பிடித்துவிட்டது என்று நம்பலாம். குருவைத் தேடிப் போங்கள். அவர் திருத்துவதைத் தாங்கிக்கொள்ளுங்கள். பணக் கணக்கையும் பாருங்கள். பங்குனி, சித்திரையில் தேதிகள் நெருக்கியடிக்கும். திருவிழா இல்லாத மாதங்களில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார நேரும். நல்ல மாதத்தில் வருவதை வறண்ட மாதத்துக்கு எடுத்துவைக்கத் தெரியாமல் நலிந்துபோன அருமையான கலைஞர்களை நான் அறிவேன். கடனும் வீட்டுப் பொறுப்பும் இருந்தால் அவற்றுக்கு வழி செய்துவிட்டு வாருங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

வேலையை விட்டால்தான் கலைஞன் என்றும் நினைக்க வேண்டாம். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார், தாமே நடித்தார். நாடகம் என்றாலே முகம் சுளித்த படித்த வர்க்கத்தை மேடையேற வைத்தவர் அவர். சுவாமிகள் வேலையை விட்டார், முதலியார் விடவில்லை. இருவரும் இல்லாமல் தமிழ் நாடக வரலாறு இல்லை. இரண்டு பேரும் நாடகத்தைப் பொழுதுபோக்காக நினைக்கவில்லை என்பதே நமக்குப் பாடம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை மேடைக்குப் போகிறேன் என்றால், உடனே மறுக்காதீர்கள். உடனே தலையாட்டவும் வேண்டாம். "தினமும் எவ்வளவு நேரம் பழகுகிறாய்? யாரிடம் கற்கிறாய்?" என்று கேளுங்கள். நேர்மையான பதில் வந்தால் துணை நில்லுங்கள்.

கலைக்கு வராமல் வேறு பணிகளுக்குப் போகும் பட்டதாரிகளே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. உங்கள் ஊர் நாடகத்தை நேரில் போய்ப் பாருங்கள். விழாக் குழுவில் பொறுப்பேற்றால், பேசிய சம்பளத்தைப் பேசியபடி, நாடகம் முடிந்த கையோடு கொடுங்கள். விடிய விடியப் பாடியவர் கூலிக்காக ஊர்ப் பெரியவர் வாசலில் காத்துக்கிடக்கும் நிலை இனி ஒரு ஊரிலும் இருக்கக் கூடாது. படித்த நீங்கள் மனம் வைத்தால் இது நடக்கும்.

மேடைக்கு வருகிறவர்கள் உழைப்போடு வாருங்கள். எங்களுக்கு உங்கள் குரலும் படிப்பும் தேவை. உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.