ஊசிக்கோபுரமும் வளைந்த தூண்களும்



கோபுரம் என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது வாயிலின்மேல் நிற்பது. கருவறையின்மேல் எழுவது விமானம். ஐரோப்பியத் தேவாலயங்களில் சதுரக் கோபுரத்தின் தலையில் தொடங்கிக் கூம்பிக் கூம்பி, வானில் ஒரு புள்ளியாய் முடியும் உறுப்பு இவ்விரண்டும் அன்று. ஊசிக்கோபுரம் என்னும் பெயர் அதன் வடிவைச் சொல்கிறது, எடையைச் சொல்லவில்லை. அண்ணாந்து பார்த்துப் பாடும் கவிஞர்களும் பெரும்பாலும் எடையை மறந்தே பாடுகின்றனர்.

இங்கிலாந்தின் சாலிஸ்பரி தேவாலயத்தில் அந்த எடையைக் கண்ணாலேயே காணலாம். 1220இல் தொடங்கிய கட்டடம் 1258இல் அர்ச்சிக்கப்பட்டது. அன்று அதன் நடுவில் இருந்தது தாழ்ந்த கோபுரமே. பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில், அடுத்த தலைமுறையினர் அதை உயர்த்தி, உச்சியில் எண்கோண ஊசியையும் நிறுத்தினர். மொத்த உயரம் 123 மீட்டர். இன்றும் பிரிட்டனில் அதுவே மிக உயர்ந்த தேவாலய ஊசிக்கோபுரம். கூடுதலாக ஏறிய சுமை ஏறக்குறைய 6,500 டன். கீழே நான்கு தூண்கள். அவை நின்ற அடித்தளமோ சரளைப் படுகையின்மேல் நான்கடி ஆழம்!

தூண்கள் வளைந்தன. நடுவில் நின்று மேலே நோக்கினால் அந்த வளைவு இன்றும் புலப்படும். முட்டுச்சுவர்களும் தாங்கு வளைவுகளும் இரும்புக் கட்டுகளும் காலந்தோறும் சேர்க்கப்பட்டன. 1668இல் கிறிஸ்டோபர் ரென் ஆய்ந்தபோது, உச்சி இரண்டடிக்கு மேல் சாய்ந்திருந்தது. ஊசியின் உள்ளே, அதைக் கட்டியபோது எழுப்பிய மரச்சாரம் இன்னும் நிற்கிறது. ஒரு படைப்பின் சாரத்தைப் படைப்புக்குள்ளேயே விட்டுச்செல்வது, வரியைச் செதுக்கியதும் உழைப்பின் சுவடுகளை அழித்துவிடும் கவிஞர்க்கு வியப்பாகத் தோன்றலாம்.

அத்தேவாலயத்தை அடுத்த பள்ளியில் பல்லாண்டு ஆசிரியராயிருந்த வில்லியம் கோல்டிங், 1964இல் 'தி ஸ்பயர்' என்னும் புதினத்தை வெளியிட்டார். ஜோசலின் என்னும் தேவாலயத் தலைவர், காட்சி கண்டதாய் நம்பி ஊசி எழுப்பத் துணிகிறார். அடித்தளம் போதாது எனக் கட்டடக்கலைஞன் எச்சரித்தும் கேளார். பலர் வாழ்வு சிதைகிறது, ஊசி நிற்கிறது. அது இறைப்பற்றா, தன்முனைப்பா என்பதைக் கோல்டிங் எளிதில் தீர்த்துவைக்கவில்லை. புதினத்தின் வலிமை அதுவே. ஆயினும் அதில் ஓங்கி நிற்பது எழுப்பியவனின் வேட்கை. எழுப்பியபின் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் அதை விழாமற் காத்தவர்க்குக் காவியம் ஏதும் இல்லை.

அவர்தம் பணி இன்னும் முடியவில்லை. நிலத்தடி நீர் குறைந்தால் சரளைப் படுகையின் உறுதி குலையும். ஆதலால் தளத்தில் ஒரு சிறு மூடியைத் திறந்து, நீண்ட கோலை உள்ளே இறக்கி, நீர் நிற்கும் அளவைப் பார்க்கின்றனர். பார்வையாளர் அண்ணாந்து நிற்கும் அதே கூரையின்கீழ், ஒருவர் குனிந்து கோலின் ஈரத்தை அளக்கிறார்.