நாய் படுக்கிற இடம்



அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில் இது அடிக்கடி நடக்கும். ஒரு மாசம், ரெண்டு மாசம் பூட்டிக் கிடந்த சாளையைத் திறந்து உள்ளே கால் வைத்ததும், முழங்காலுக்குக் கீழே சுருக்கு சுருக்கென்று கடிக்கும். நாயும் இல்லை, ஆடும் இல்லை. தெள்ளு எங்கிருந்து வந்தது? அது எங்கேயும் போகவில்லைங்க. தரை வெடிப்புக்குள் கூடு கட்டி மாதக்கணக்கில் காத்துக் கிடந்தது. ஆள் நடக்கிற அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் கூட்டை உடைத்துக்கொண்டு குதிக்கிறது.

இந்த ஒன்று விளங்கிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. நாயின் மேல் நாம் பார்க்கிற பூச்சி, மொத்தக் கூட்டத்தில் நூற்றுக்கு 5 பங்கு அளவுதான். பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகூட இடும். அந்த முட்டை மயிரில் ஒட்டாது. நாய் எங்கே படுத்து எழுந்து உதறுகிறதோ அங்கே உதிரும்: திண்ணை மூலை, கட்டுத்தரை, சாக்குப் படுக்கை. பொரிந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து இடுக்கில் நுழைந்துகொள்ளும். நாயின் மேலிருந்து உதிர்கிற தெள்ளின் எச்சம், அதாவது காய்ந்த இரத்தம்தான், அதற்குத் தீனி.

அந்தப் புழுவுக்கு வெயிலும் ஆகாது, காய்ந்த தரையும் ஆகாது. நம்ம பக்கம் இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. சாக்கைக் கொதிநீரில் அலசி, உச்சி வெயிலில் போடுங்கள். மூலைமுடுக்கைச் சீமாறு வைத்து அழுத்திக் கூட்டி, அந்தக் குப்பையை எரித்துவிடுங்கள். வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். அடைமழைக் காலத்தில் மட்டும் இதை இன்னும் விடாமல் செய்ய வேண்டும்.

தெள்ளு என்றால் கோவைக்கு ஒரு பழைய பகை உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் ஊரைக் கலங்கடித்தது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் நகரில் இன்றும் இருக்கின்றன. அந்த நோயைப் பரப்புவது எலித்தெள்ளு என்று 1898இல் கராச்சியில் சோதித்துக் காட்டியவர் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். அப்போது பலர் அவரை நம்பவில்லை. நம் நாயின் மேல் இருப்பது வேறு இனம். வேடிக்கை என்னவென்றால், அதுவும் பெரும்பாலும் பூனைத்தெள்ளுதான்! வெள்ளாட்டையும் அது விடாது.

ஆனால் காட்டுக்கு உரம் சேர்ப்பதற்காகப் படலைப் பிடுங்கிப் பிடுங்கி ஆட்டுப்பட்டியை மாற்றிப் போடுகிறார்களே, அங்கே தெள்ளு பெருக வழியில்லை என்பது என் எண்ணம். முட்டை பூச்சியாவதற்குள் ஆடு இடம் மாறிவிடுகிறது. நாய்க்கும் படுக்கையை அவ்வப்போது மாற்றிப் போடலாமே.

இப்போது மருந்துக்கு வருவோம். மாட்டு உண்ணிக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சொல்லும் மூலிகைக் கரைசலைப் பலர் அறிவீர்கள்: பூண்டு, வேப்பிலை, வேப்பங்கொட்டை, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை. மாட்டுக்கு நல்ல மருந்து. அதே வாளியிலிருந்து நாய்க்கும் பூசாதீர்கள். நாய் தன் உடம்பை நக்கும். பூனை நாளெல்லாம் நக்கும். பூண்டு உள்ளே போனால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதையும். உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம் இவையெல்லாம் பக்கத்திலேயே வேண்டாம். இயற்கையானது என்பதற்காக எதையும் நம்பிவிடக் கூடாது.

நாய்க்கு வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறிய நீரில் குளியல் போதும். பூனைக்கு அதுவும் வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான நல்ல கருவி பேன் சீப்புதான். கழுத்து, வால் அடி, தொடை இடுக்கு என்று சீவி, சீவும்போதே சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும். சோப்பு கலந்தால் மூழ்கும். சீப்பில் வருகிற கருப்புத் துகளை நனைந்த வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செந்நிறமாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம்.

தெள்ளு இரத்தத்தை உறிஞ்சிக் குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போய்விடுங்கள். வால் அடியில் அரிசி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். தெள்ளைக் கடித்து விழுங்கியதால் வந்த நாடாப்புழுவாக இருக்கும். அதற்குத் தனி மாத்திரை தருவார்.