காய்ச்சல் விடாத பிள்ளை

 

நான் பிள்ளைகளின் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கிறவன். நீங்கள் பட்டம் வாங்கும் நல்ல நாளில் இதையா பேசுவது என்று தோன்றலாம். அழைப்பிதழில் வரதராஜன்பேட்டை என்று பார்த்ததுமே வேறெதுவும் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

காரணம், இந்த முந்திரிக்காட்டுப் பக்கமிருந்து வந்த ஏழு வயதுப் பிள்ளை. காய்ச்சல் விட்டு விட்டு வந்திருக்கிறது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினார்கள். பிள்ளை வெளுத்துப்போனதும் காமாலை என்று பச்சிலை கொடுத்தார்கள். கழுத்தில் நெறி கட்டியதும் ஒருவர் காசநோய் மாத்திரை ஆரம்பித்தார். கால் வலி என்றபோது, ஓடியாடுகிற பிள்ளைக்கு வலிக்காதா என்றார்கள். உடம்பில் நீலம் பாய்ந்திருந்தது. மரமேறி விழுந்திருப்பான் என்று அடிதான் விழுந்தது. பிறகு யாரோ ஸ்டீராய்டு ஊசி போட, காய்ச்சல் இறங்கி, பையன் ரெண்டு வாரம் கோலி விளையாடினான். அங்கேதான் ஆபத்து. அவனுக்கு வந்திருந்தது ரத்தப் புற்றுநோய்; ஸ்டீராய்டு அதற்கான மருந்துகளில் ஒன்று. அரைகுறையாகக் கொடுத்தால் நோய் பதுங்கும், போகாது. "முந்திரிக்கொட்டை பொறுக்கி முடிச்சுட்டுப் போலாம்னு இருந்தோம் சார்" என்றார் அவன் அம்மா. அந்த அம்மாவை நான் கோபித்துக்கொள்ளவில்லை. வருஷக் கூலியே கொட்டை பொறுக்கும் ரெண்டு மாதத்தில்தான். இத்தனை பேர் பார்த்தும் ஒருவர்கூட ரத்த அணுக்களை எண்ணச் சொல்லவில்லை என்பதுதான் என் கோபம்.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூட இல்லை. 2030-க்குள் 60 ஆக்க வேண்டும் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்தது. மருந்து ஒன்றும் தேவலோகத்தில் இல்லை. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வருவது. கல்லறை ஓரங்களில் கேட்பாரற்றுப் பூக்கிறதே, அதே செடி. வைத்தியமும் நமக்குப் புதிதில்லை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1960-லேயே குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு வந்துவிட்டது.

மருத்துவ மாணவனாக இருந்தபோது இரவில் புற்றுநோய்ப் பிள்ளைகளின் வார்டுக்குப் போவேன்.  வராந்தாவில் படுத்திருக்கும் அப்பாக்கள் பீடியை மறைத்துக்கொண்டு, "மத்த பிள்ளைக்கு ஒட்டிக்குமா சார்?" என்பார்கள். ஒட்டாது. இன்றைக்கும் அதே கேள்விதான் வருகிறது.

ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை ஆண்டு. முடி முளைத்து, பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் பலர் வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வைத்தியத்துக்குப் புதுச்சேரி போய் வருகிற நாளின் கூலியை யார் தருவது? ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டியில் புற்றுநோயாளிக்குக் கட்டணமே இல்லை. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டு வாங்கத் தெரியாமல் கடன் வாங்கிப் போகிறார்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டு மருத்துவமனைப் பதிவேடுகளில் ஆண் பிள்ளைகள்தான் மிக அதிகம், வடக்கே இன்னும் மோசம். பெண் பிள்ளைகளுக்கு நோய் வராமல் இல்லை. கூட்டி வருவதில்லை.

உங்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரி. பக்கத்து வீட்டு அக்கா மருந்துச் சீட்டை உங்களிடம்தான் நீட்டுவார். பிள்ளைக்கு இரண்டு வாரமாகக் காய்ச்சல் விடவில்லை, வெளுத்துப்போகிறது, நீலம் பாய்கிறது என்றால், "ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்த அணு எண்ணிக்கை பார்த்துட்டு வாங்கக்கா" என்று சொல்லுங்கள். முடிந்தால் வண்டியில் ஏற்றிக்கொண்டு நீங்களே போங்கள். கைக்குழந்தையின் கண்மணி போட்டோவில் வெள்ளையாக மின்னினால் அதுவும் புற்றுநோயாக இருக்கலாம், அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தத் தட்டணுக்கள் ஏற்ற வேண்டியிருக்கும். அவை 5 நாளுக்கு மேல் தாங்காது. பொங்கல், தீபாவளி வாரங்களில் ரத்தம் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. நீங்கள் எல்லாரும் 18 வயது தாண்டியவர்கள், ரத்தம் கொடுக்கத் தேவையான 45 கிலோவும் இருப்பீர்கள். வாசலில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ரத்த வகை, செல்போன் நம்பர் இரண்டையும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.